மொட்டை மாடிக்குப் போனால் காகம் தலையில் தட்டுகிறது, பூனையையும் விடுவதில்லை: என்ன செய்யலாம்?

உறையூர்_மாடிவீடு எழுதியது:

வணக்கம். பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். திருச்சியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் கிளை ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி மொட்டை மாடிக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் கிளையின் கவையில் காகம் கூடு கட்டியிருக்கிறது. கட்டும்போது நாங்களும் வேடிக்கைதான் பார்த்தோம், விளக்குமாற்றுக் குச்சி, பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்துக் கட்டுக்கம்பி என்று எதையும் விடாமல் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது மே மாதம், உள்ளே குஞ்சுகள் கத்துகிற சத்தம் கேட்கிறது.

துணி காயப்போட மேலே போக முடியவில்லை. டிஷ் ஆன்டெனா மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், படியேறி வந்ததும் முதலில் காதைக் கிழிக்கிற மாதிரி கத்தும், அப்புறம் உட்கார்ந்திருக்கிற கிளையையே கோபமாகக் கொத்தி இலைகளைப் பிய்த்துப் போடும், திடீரென்று சத்தமே இருக்காது. சரி போய்விட்டது என்று கொடிப்பக்கம் திரும்பினால் பின்மண்டையில் பொட்டென்று ஒரு தட்டு. என்னையும் அப்பாவையும் மட்டும்தான் இப்படி. அம்மா தினமும் அங்கேதான் காக்கைக்குச் சோறு வைக்கிறார், அவரை ஒன்றும் செய்வதில்லை.

எங்கள் பூனை சிண்டுவின் பாடு இன்னும் மோசம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தூங்குவதுதான் அதன் வழக்கம். இப்போது மேலே போனால் ஒரு காகம் எதிரே நின்று கத்துகிறது, பூனை அதையே முறைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பின்னால் நடந்தே வந்து வாலைப் பிடித்து இழுக்கிறது. அத்தை இது சனி தோஷம், திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்று என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தொரட்டியால் கூட்டை இழுத்துவிடச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு போகவில்லை. இது எத்தனை நாளைக்கு? கண்ணில் கொத்திவிடுமா? வத்தல் போடுகிற சீசனே இதில் போய்விடும் போலிருக்கிறது.

கரிச்சான் எழுதியது:

நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிக் கவலை அதிலேயே போய்விடும். காகம் வழக்கமாக 3 முதல் 5 முட்டை வரை இடும், 16 அல்லது 17 நாள் அடைகாக்கும், பொரித்த குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வர 3 முதல் 4 வாரம் ஆகும். குஞ்சுச் சத்தம் கேட்கிறது என்கிறீர்கள், அப்படியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் ஒன்று, குஞ்சு வளர வளர இந்த ஆவேசம் கூடத்தான் செய்யும். முட்டை போனால் திரும்ப இட்டுக்கொள்ளலாம், பறக்கப்போகிற குஞ்சு போனால் அந்த வருஷத்துப் பாடெல்லாம் வீண். அதனால் கடைசி வாரம்தான் உக்கிரமாக இருக்கும், அதற்கப்புறம் தானாக அடங்கிவிடும்.

அது எப்போதும் பின்னாலிருந்துதான் வரும், நீங்கள் எழுதியிருப்பதே அதற்குச் சாட்சி. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மேல் பாயக் காகத்துக்குத் துணிச்சல் குறைவு, திரும்பிய முதுகுதான் அதற்கு வசதி. அதுவும் பெரும்பாலும் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவதுதான். நகம் பட்டுக் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிளைக்கு அடியில் போய் நிற்காதீர்கள். மேலே போகும்போது குடை பிடித்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். கேலியாகத் தோன்றும், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. கொடியையும் முடிந்தால் கூட்டுக்கு எதிர்மூலைக்கு மாற்றிக் கட்டுங்கள், சில அடி தள்ளினாலே அதன் கோபம் பாதியாகிவிடும்.

அம்மாவை விட்டுவிட்டு உங்களைப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. காகத்துக்கு ஆள் முகம் தெரியும். 2006 இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழு ஒரு குகைமனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து வளையம் போட்டு விட்டது. அதற்கப்புறம் அந்த முகமூடியோடு யார் வளாகத்துக்குள் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. வேறு முகமூடி போட்டவர்களை அப்படிச் செய்யவில்லை. பிடிபடாத காகங்களும், அப்புறம் பிறந்தவையும்கூட அதே முகமூடியை அடையாளம் கண்டு கத்தியதை வருஷக் கணக்கில் பதிவு செய்தார்கள். அது அமெரிக்கக் காகம், நம் ஊர்க் காகம் வேறு இனம் என்பது சரிதான். ஆனால் தெருவில் ஒருமுறை கல்லெறிந்த ஆளைப் பல மாதம் துரத்துகிற நம் காகத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சோறு வைக்கிற முகம் ஒன்று, கிளையை நோட்டம் பார்க்கிற முகம் இன்னொன்று என்று அது கணக்கு வைத்திருக்கிறது. நீங்களோ அப்பாவோ கட்டுகிற சமயத்தில் அதைக் கம்பால் விரட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், உள்ளே கத்துவது காகக் குஞ்சுதானா என்பதே சந்தேகம். இந்த மாதங்களில்தான் குயிலும் முட்டையிட இடம் தேடும். கன்னங்கரேல் என்று இருக்கிற ஆண் குயில் வேண்டுமென்றே கூட்டுப் பக்கம் வந்து கூவும், காகங்கள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு போகும், அந்த நேரம் பார்த்துப் புள்ளி போட்ட பெண் குயில் உள்ளே போய் முட்டையிட்டுவிடும். வருஷா வருஷம் இப்படி ஏமாறுகிற பறவைக்கு மாடியில் நடமாடுகிற எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருவது நியாயம்தானே.

திருநள்ளாறு போவது உங்கள் இஷ்டம், நளன் குளத்தில் குளித்துவிட்டு வாருங்கள், நல்லதுதான். ஆனால் திரும்பி வந்து மாடியேறினாலும் தட்டும், குடையை மறக்காதீர்கள்.

நேர்பேச்சு எழுதியது:

ஒரு காக்கைக் கூட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? தொரட்டியைப் போட்டு இழுத்தால் பத்து நிமிஷ வேலை. காகம் என்ன புலியா, மயிலா, ஊரெல்லாம் அதுதான் இருக்கிறது. கென்யாவில் 2024 முடிவதற்குள் 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அரசாங்கமே அறிவித்தது, அதுவும் நம் ஊர்க் காக்கைதான். அங்கே ஒழிக்கிறார்கள், இங்கே குடை பிடிக்கச் சொல்கிறோம்.

கரிச்சான் எழுதியது:

கென்யா விஷயம் உண்மைதான் சார், ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். காகம் அந்த ஊர்ப் பறவையே இல்லை. 1890 களில் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று ஜான்ஜிபார் தீவில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கிருந்து பெருகி மொம்பாசா கரையெல்லாம் பரவி, அந்த ஊர்ச் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. கொண்டுபோய் விட்டவன் மனுஷன். நம் ஊரில் அது வந்தேறி இல்லை.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். காகம் முன்பு தீங்கு செய்யும் பிராணிகள் என்ற தனி அட்டவணையில் இருந்தது, எலியும் பழந்தின்னி வௌவாலும் அதே பட்டியல்தான். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். அதனால் “காக்கைதானே” என்று இழுத்துப் போடுவது முன்பு மாதிரி இல்லை.

சட்டத்தை விடுங்கள், காரியத்துக்கும் ஆகாது. குஞ்சோடு கூட்டை இழுத்தால் அக்கம்பக்கத்துக் காகம் எல்லாம் திரளும், இழுத்தவர் முகம் அத்தனைக்கும் தெரிந்துபோகும். அப்புறம் மாடிக்கு மட்டுமல்ல, வாசலுக்கு வரவும் குடை வேண்டியிருக்கும்.

பிரிஸ்பேன்_பாண்டியன் எழுதியது:

நான் மதுரைக்காரன், இப்போது ஆஸ்திரேலியாவில். இந்த விஷயத்தில் இங்கே ஒரு பெரிய அனுபவமே இருக்கிறது. மேக்பை என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, காகத்தைவிடச் சற்றுச் சிறியது, குரல் அவ்வளவு இனிமையாக இருக்கும். ஆகஸ்ட் பிறந்து அக்டோபர் வரை கூடு கட்டுகிற பருவம், அப்போது பூங்காக்களில் “பறவை பாயும், கவனம்” என்று பலகையே வைத்துவிடுவார்கள். எல்லாம் பாய்வதில்லை. ஆண் பறவைகளில் பத்தில் ஒன்றுதான் அப்படி. இங்கே கிரிஃபித் பல்கலைக்கழகத்து டாரில் ஜோன்ஸ் என்பவர் பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். அவர் கண்டதில் எனக்குப் பிடித்தது, பாய்கிற பறவையும் எல்லாரையும் பாயாது என்பது. ஒன்றுக்கு நடந்து போகிறவர் மேல் கோபம், ஒன்றுக்குச் சைக்கிள்காரர் மேல், இன்னொன்றுக்குத் தபால்காரர் மேல் மட்டும். உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

இங்கே ஜனங்கள் செய்யாத வேடிக்கை இல்லை. சைக்கிள் ஹெல்மெட்டில் கேபிள் டை செருகி முள்ளம்பன்றி மாதிரி போவார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு கண் வரைந்து பின்பக்கமாகக் கவிழ்த்துக்கொள்வார்கள். சுந்தரவனத்தில் புலிக்குப் பயந்து பின்மண்டையில் முகமூடி மாட்டிக்கொண்டார்களே, அதே யோசனைதான். கண் வரைந்த டப்பாவை நான் பெரிதாக நம்பமாட்டேன். சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் பல பறவைகள் விட்டுவிடும், அதுதான் கண்கூடு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 இல் வொல்லாங்கங் பக்கம் சைக்கிளில் போன வயதானவர் ஒருவர் மேக்பையிடமிருந்து தப்பிக்க வண்டியைத் திருப்பி, பாதையைவிட்டு இறங்கி வேலிக் கம்பத்தில் மோதி இறந்துபோனார். பறவையின் மூக்கைவிட நாம் பதறுவதுதான் ஆபத்து. உங்கள் மாடியில் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? அப்பா வயதானவர் என்றால் இந்தச் சில வாரம் அவரை மேலே அனுப்பாதீர்கள். தட்டு வாங்கிய அதிர்ச்சியில் திரும்பி ஓடினால் படிக்கட்டில்தான் விழவேண்டிவரும். எது நடந்தாலும் ஓடாமல், காகத்தைப் பார்த்தபடியே மெதுவாக நடந்து படிப்பக்கம் வாருங்கள். கையை வீசி அடிக்கவும் வேண்டாம், அடுத்த வருஷமும் நினைவு வைத்திருக்கும்.

பூனைக்காரி எழுதியது:

சிண்டுவைப் பற்றி யாருமே பேசவில்லை, நான் வருகிறேன். வீட்டில் நான்கு பூனை, சுற்றிலும் தென்னையும் மாமரமும், இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை.

வாலைப் பிடித்து இழுப்பது காகத்துக்குக் கைவந்த கலை. நாயிடமும் அதைத்தான் செய்யும், பருந்து இரை தின்றுகொண்டிருந்தாலும் அதைத்தான் செய்யும். பூனைக்குப் பெரிய காயம் வராது, ஆனால் குட்டிப் பூனையாக இருந்தால் கண்ணைக் கொத்தக்கூடும், அதை மேலே விடவே விடாதீர்கள். பெரிய பூனைக்கு மானம் போவதுதான் நஷ்டம். எங்கள் கிழட்டுப் பூனை ஒருமுறை இப்படி இரண்டு காகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது, காது மட்டும் பின்னால் ஒட்டிப்போய் இருந்தது.

உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம் அக்கா. இப்போது காகம் கத்துகிறது, பூனை ஓடுகிறது. குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும்போது சரியாகப் பறக்கத் தெரியாமல் தத்தித்தத்தி மாடித் தரையிலோ தோட்டத்திலோ கிடக்கும், அன்றைக்குப் பூனை சும்மா இருக்காது. அந்த ஒரு வாரம் பூனையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், குறிப்பாக விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். கழுத்தில் மணி கட்டினால் போதும் என்பார்கள், அது பறக்கத் தெரிந்த பறவைக்கு ஓரளவு உதவும், தரையில் கிடக்கிற குஞ்சுக்கு மணிச்சத்தம் கேட்டு என்ன பயன்? கதவைச் சாத்துவதுதான் வழி. இரண்டு நாள் கத்தித் தீர்க்கும், ஒரு அட்டைப்பெட்டியும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தால் சமாதானம் ஆகிவிடும்.

ஒருவேளை பூனை வாயில் பறவை சிக்கி நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள், வெளியே ரத்தம் தெரியவில்லை என்று பறக்கவிட்டுவிடாதீர்கள். பூனை எச்சிலில் இருக்கிற பாக்டீரியா சின்னப் பல் பட்டாலே உள்ளே போய், ஒன்றிரண்டு நாளில் பறவையைக் கொன்றுவிடும். துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

உறையூர்_மாடிவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குடை வேலை செய்கிறது! காகம் குடை மேலே வந்து உட்கார்ந்தே பார்த்தது, அப்புறம் அலுத்துப்போய் ஆன்டெனாவுக்குத் திரும்பிவிட்டது. தெருவில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நல்ல பொழுதுபோக்கு, மழையில்லாத மே மாதத்தில் குடையோடு வத்தல் காயவைக்கிறேன். கரிச்சான் அண்ணா, விசாரித்தேன், கூடு கட்டும்போது அப்பா துணிக்கொம்பை வீசி விரட்டியது நிஜம்தான். அவரை இனி மேலே விடுவதில்லை. கூட்டுக்குள் ஒன்று காகக் குஞ்சு மாதிரி இல்லை, சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, நீங்கள் சொன்னது மாதிரி குயிலாக இருக்குமோ?

ஒரு சந்தேகம். குஞ்சு கீழே விழுந்தால் எடுத்துக் கூட்டில் வைக்கலாமா? மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே.

ஒட்டன்சத்திரம்_தோட்டம் எழுதியது:

காகத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் ஆள்காட்டியைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன். மரமும் வேண்டாம் கூடும் வேண்டாம் அதற்கு, வெறும் கட்டாந்தரையில் நாலு கூழாங்கல்லைச் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் முட்டையிடும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு, காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் உழவுக்கு முன்னால் காட்டை ஒருதரம் நடந்து பார்ப்பதே இதற்காகத்தான். தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தும், தலையை நோக்கி நேரே இறங்கிக் கடைசி நொடியில் விலகும், ஆனால் முட்டை இருக்கிற இடத்துக்கு நேரே போகாது, வேறு பக்கமாகப் போய் அங்கே உட்கார்ந்து கத்தி நம்மை இழுக்கும். நாய் வந்தாலும் பூனை வந்தாலும் இதேதான். மாடு வந்தால் மட்டும் கதை வேறு. மாடு முட்டையைத் தின்னாது, மிதித்துவிடும், அது தெரிந்த மாதிரி முட்டைப் பக்கமே நின்று ரெக்கையைப் படக்கென்று விரிக்கும். மாடு மிரண்டு ஒதுங்கிப் போகும்.

அடைகாப்பது 28 முதல் 30 நாள். சித்திரை வெயிலில் முட்டை வெந்துபோகாதா என்று பார்த்தால், வாய்க்காலில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். முட்டையைச் சுற்றி நாலு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டால் டிராக்டர்காரத் தம்பி சுற்றிக்கொண்டு போய்விடுவான். ஒரு பாத்தி தரிசாகக் கிடக்கும், கிடக்கட்டும். பொரித்த அன்றைக்கே குஞ்சு ஓட ஆரம்பித்துவிடும், காகக் குஞ்சு மாதிரி வாரக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்காது. இப்போது டவுனில் மொட்டை மாடியிலும் முட்டையிடுகிறது என்கிறார்கள், அதுதான் சங்கடம், ஓடத் தெரிந்த குஞ்சுக்கு மாடியிலிருந்து இறங்கத் தெரியாது.

பிரிஸ்பேன்_பாண்டியன் எழுதியது:

அண்ணே, அதன் சொந்தக்காரன் இங்கேயும் இருக்கிறான்! ப்ளோவர் என்பார்கள், முகத்தில் மஞ்சள் சதை தொங்கும், ரெக்கை மூட்டில் முள் மாதிரி ஒரு கூர் வேறு. பள்ளி மைதானத்தின் நடுவிலேயே முட்டையிட்டுவிட்டு மொத்தப் பள்ளியையும் ஓரமாக நடக்கவைக்கும்.

கரிச்சான் எழுதியது:

உறையூர் அக்காவுக்கு. கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு, பறவை மோப்பம் பிடித்துப் பிள்ளையைத் தள்ளுவதில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் குஞ்சைப் பாருங்கள். இறகே முளைக்காமல் தோல் தெரிந்தால் தவறி விழுந்தது, கூடு எட்டினால் வைத்துவிடலாம், எட்டாவிட்டால் தேங்காய் நார் போட்ட சின்னக் கூடையை அதே கிளையில் கட்டி அதில் வைக்கலாம், தாய் வந்து ஊட்டும். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, வாய்க்குள் சிவப்பாக இருந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. அதைத் தொடவே வேண்டாம். பூனையையும் நாயையும் அடைத்துவிட்டு நீங்களும் உள்ளே போய்விடுங்கள், தாய் தகப்பன் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும். நடைபாதையில் கிடந்தால் மட்டும் துணியால் எடுத்து ஒரு செடிக்கு அடியிலோ தாழ்ந்த கிளையிலோ விடலாம், அப்போது குடை கட்டாயம், ஹெல்மெட் இருந்தால் இன்னும் நல்லது.

குயில் குஞ்சாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் குயில் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை, கூடவே வளரும், முந்திப் பொரிப்பதால் தீனியில் பெரும்பங்கு அதற்குப் போகும். அதுவும் பறக்கிறவரை காகம் காவல் காக்கும்.

கிளையை வெட்டுகிற எண்ணம் இருந்தால் ஆகஸ்ட் முடியட்டும். கூடு காலி என்று கீழே இருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், காகம் போன பிறகு அந்த மரத்திலேயே புறாவோ கொண்டைக்குருவியோ இருக்கலாம். மாடிக்குள் நீட்டியிருக்கிற பகுதியை மட்டும் எடுத்தால் போதும், மரத்தை மொட்டையடிக்க வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் நீங்களாக ஏறாமல் மின்வாரியத்தில் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி குச்சி கொண்டுவர ஆரம்பித்தால் அப்போதே கொடியை இடம் மாற்றிவிடுங்கள்.